வளவும் கிணறும் கருமணலும்: திருகோணமலையில் நிலத்தடி உரிமைகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

காணி உறுதிகளை இலக்கிய மாணவர் வாசிப்பது வழக்கமன்று. வாசிக்க நேர்ந்தாலும், நொத்தாரிசின் கரடுமுரடான மொழிநடையைக் கண்டு நகைத்துவிட்டு அப்பால் வைப்பதே நம்மிற் பலரின் இயல்பு. ஆயினும், ஒரு சமுதாயம் தன் உடைமையுறவுகளை எவ்வாறு எண்ணிப் பார்க்கிறது, அவற்றை எவ்வாறு நியாயப்படுத்துகிறது என்பதை அறிய விரும்புவோர்க்குப் பள்ளுப் பிரபந்தங்கள் தரும் சான்றுகளுக்குச் சற்றும் குறையாத சான்றுகளை உறுதிகள் தருகின்றன. பள்ளிலே பண்ணைக்காரன் பேசுகிறான்; உறுதியிலே பண்ணையே பேசுகிறது எனலாம்.

திருகோணமலை நகரத்து வளவொன்றின் உறுதியை எடுத்துக்கொள்வோம். கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் காணி, மேற்கே இன்னாரின் உரிமையாளர்களின் காணி, வடக்கே வீதி என நான்கெல்லைகள் கூறப்படும். அவற்றுக்குட்பட்ட நிலமும் வீடும் பயன்தரு மரங்களும், கிணற்றிலே பங்கும், அதற்குச் சென்றுவரும் வழியும் உரித்தாக்கப்படும். சீதனமாகக் கொடுக்கப்பட்டு, பின்னர் பிள்ளைகளிடையே பிரிக்கப்பட்ட வளவாயின் கிணற்றுப் பங்கு பாதியாகும், காலாகும், எட்டிலொன்றாகும். கிடையான எல்லைகளைப் பேர்ச்சிலும் அதன் பின்னத்திலும் அளந்து கூறும் இவ்வுறுதி, நிலைக்குத்தான எல்லையைப் பற்றி மௌனஞ் சாதிக்கிறது. இவ்வீட்டுக்காரர் தம் காலின்கீழ் எவ்வளவு ஆழம்வரை உரிமையாளர்? கிணற்றில் ஊறும் நீர் அவருடையதா? கிணறு தோண்டும்போது கிடைக்கும் மணலும் கல்லும் யாருடையவை? இவ்வினாக்கள் சட்டத்தரணிகளின் தொழில்சார்ந்தவை எனத் தோன்றலாம். ஆனால் இவற்றுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து, திருகோணமலையின் சமூக வரலாறே அவற்றுக்குள் அடங்கிக் கிடப்பதைக் காண்கிறோம்.

பழைய ஆவணங்கள் இவ்விடயத்தில் மௌனமாக இருக்கவில்லை. சோழர்கால நிலக்கொடைகள் மேல்நோக்கி வளரும் மரத்தையும் கீழ்நோக்கி இறங்கும் கிணற்றையும் சேர்த்தே வழங்கின. விசயநகரக் காலத் தமிழ் ஆவணங்களில் இது மேலும் விரிந்து, அட்டபோகம் எனப்படும் எண்வகை அனுபவவுரிமையாக வாய்பாடு பெற்றது. நிதி, நிட்சேபம், சலம், பாடாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்பன அவை. புதையலும் வைப்பும் நீரும் கல்லும், குன்றாது நிற்பதும் இனி வருவதும், கைகூடியதும் கைகூடவிருப்பதும் என ஒருவாறு பொருள் கொள்ளலாம். நீருரிமையையும் கனியவுரிமையையும் இருபதாம் நூற்றாண்டின் சட்டவரைஞர்கள் கண்டுபிடிக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லும் வாய்பாடு நம் ஆவண மரபிலேயே இருந்தது. தமிழ்நாட்டின் கிரயப் பத்திரங்களில் இதன் எச்சங்கள் அண்மைக்காலம் வரை, பெரும்பாலும் பொருள் விளங்காமலே, எழுதப்பட்டு வந்தன.

ஆனால் இவ்வாய்பாட்டைக் கண்டு பழம்பெருமை பேசுவோருடன் நாம் சேர்ந்துகொள்ள முடியாது. இவ்வெண்வகை உரிமைகளைப் பெற்றோர் யாவர் என்ற வினா உடனெழ வேண்டும். நிலாவெளியிற் கிடைத்த, சோழராட்சிக் காலத்ததெனக் கருதப்படும் தமிழ்ச் சாசனம் கோணமலையிலுள்ள இறைவனுக்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகள் நிறைந்துள்ள அதே கரையோரந்தான் இது. 250 வேலி என்பது சிறு பரப்பன்று. பெற்றது கோயில், உழுதவர்களின் பெயரைச் சாசனம் அறியாது. மேலே வளரும் மரமும் கீழே ஊறும் நீரும் கோயிலுக்குரியனவாயின், அந்நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்கு எஞ்சியது என்ன? நிலமானிய உடைமையின் இயல்பே இதுதான். உரிமை முழுமையானது, அதை அனுபவிப்போர் மிகச் சிலர்.

கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை இந்நோக்கில் மீண்டும் வாசிப்பது பயனுடையது. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் இந்நூலின் காலம் பற்றியும் குளக்கோட்டன் யார் என்பது பற்றியும் அறிஞரிடையே நீண்ட விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. (அவ்விவாதங்களிற் செலவிடப்பட்ட மையின் ஒரு பகுதியையேனும் நூல் கூறும் தொழிற்பிரிவினைமீது செலவிட்டிருந்தால் நம் ஆய்வு வளம் பெற்றிருக்கும்.) கந்தளாய்க் குளத்தைப் பாளி வரலாற்று மரபு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் அக்கிரபோதியின் பணியாகக் கூறும், திருகோணமலைத் தமிழ் மரபு குளக்கோட்டனின் பணியாகக் கூறும். எம்மைப் பொறுத்தவரை கட்டியவன் யார் என்பதைவிட, கட்டியபின் அந்நீர் எவ்வாறு ஆளப்பட்டது என்பதே முக்கியம். கோணேசர் கல்வெட்டு கோயிலையும் குளத்தையும் வயலையும் ஒரே ஒழுங்கிற்குள் கொண்டுவருகிறது. இன்ன குடியினர் இன்ன தொழும்பு செய்யவேண்டும் என விதிக்கிறது. குளத்து நீர் வயலுக்குப் பாய்வதற்கும் வயலின் விளைவு கோயிலுக்குச் செல்வதற்கும் இடையே ஊழியம் என்னும் கண்ணி உள்ளது. நீருரிமை இங்கு தனியாள் ஒருவரின் சொத்தன்று. ஆனால் அதனால் அது சமத்துவமானதும் அன்று. சாதியடிப்படையில் வகுக்கப்பட்ட கடமைகளின் மறுபக்கமாகவே நீரிற் பங்கு கிடைத்தது.

ஒல்லாந்தர் இந்த ஒழுங்கின் சிதைவைத்தான் கண்டனர். 1786 இல் திருகோணமலையின் ஒல்லாந்தத் தலைவனாயிருந்த வன் சென்டன் மாவட்டமெங்கும் பயணஞ்செய்து நாட்குறிப்பு எழுதிவைத்தான். குளங்களையும் வயல்களையும் அவன் பார்வையிட்டது நெற்பயிர்ச்செய்கையைப் பெருக்கும் நோக்குடனேயே. துறைமுகத்தைக் காக்கும் படைக்குச் சோறு வேண்டும். சோற்றுக்கு நீர் வேண்டும். 1622 இல் கோயிலை இடித்து அதன் கல்லைக்கொண்டு போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய நாள் முதல், திருகோணமலையின் கல்லும் நீரும் துறைமுகத்தின் தேவைக்கேற்பவே மதிக்கப்பட்டு வந்தன. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்ற புகழ் இந்நகர மக்களுக்கு எத்துணை விலையில் வந்தது என்பதை நாம் போதியளவு எழுதவில்லை.

ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றுள் கோட்டை மதில்களைவிட உறுதியானது உரோம ஒல்லாந்தச் சட்டம். 1795 இல் துறைமுகத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனைத் தொடர்ந்து வழங்கவிட்டனர். நிலத்தின் உரிமையாளன் அதன் மேலும் கீழும் உள்ள யாவற்றுக்கும் உரிமையாளன் என்பது அச்சட்டத்தின் கோட்பாடு. அட்டபோகத்தை ஒத்ததாக இது தோன்றலாம். வேறுபாடு யாதெனில், அட்டபோகம் கொடையின் மொழியிற் பேசியது, இது சந்தையின் மொழியிற் பேசியது. விற்கவும் வாங்கவும் ஈடு வைக்கவும் கூடிய முழுமையான தனியுடைமை இதன் உள்ளடக்கம். அயலவரின் கிணற்றில் நீர் அள்ளும் உரிமை, அயற்காணியூடாக வாய்க்காலிற் பாய்ச்சும் உரிமை என்பன அதன்கீழ்ப் பணிவுரிமைகள் என வகுக்கப்பட்டன. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்தாண்டுகள் தடையின்றியும் எதிருரிமையோடும் அனுபவித்தால் அத்தகைய உரிமையை நிலைநாட்டவும் முடிந்தது. நகரத்து உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழியும் இவ்வளவு கவனமாக எழுதப்படுவதன் காரணம் இதுவே. எழுதாது விட்டால் பத்தாண்டுக் கணக்கைச் சாட்சிகளைக்கொண்டு நிறுவ வேண்டியிருக்கும். சாட்சி சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் வழக்காளியின் மைத்துனராகவே இருப்பார்.

குடியேற்றவாத அரசு இக்கோட்பாட்டைத் தனக்கு வேண்டிய இடத்திற் போற்றியது, வேண்டாத இடத்திற் கைவிட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன என ஊகித்தது. மலையகத்திற் கோப்பித் தோட்டங்களுக்காக இயற்றப்பட்டதெனினும், காட்டாலும் கைவிடப்பட்ட குளங்களாலும் நிறைந்திருந்த திருகோணமலையில் அதன் விளைவு ஆழமானது. நகரையும் சில பழைய ஊர்களையும் தவிர்ந்த நிலமெல்லாம் ஏட்டிலே முடியின் நிலமாயிற்று. மறுபுறம், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீர்ப்பாசனம் பற்றிய பண்டைய வழக்காறுகளை மீட்டெடுப்பதாகக் கூறிற்று. வழக்காற்றை அழித்த கையே அதனை மீட்கவும் முன்வந்தமை முரணாகத் தோன்றலாம். வரி என்னும் ஒற்றை நூலால் இரண்டும் கோக்கப்பட்டுள்ளன என்பதை உணர்ந்தால் முரண் மறையும். உப்பும் இவ்வாறே ஏகபோகமாக்கப்பட்டது. உப்புவெளி என்னும் ஊர்ப்பெயரே எஞ்சிநிற்க, கடற்கரையில் தானாக விளையும் உப்பை அள்ளுதல் குற்றமாயிற்று.

இவ்விடத்தில் இளம் மார்க்சை நினைவுகூர்வது பொருந்தும். 1842 இல் றைன் மாகாணத்துப் பத்திரிகையில், காட்டில் விழுந்து கிடந்த சுள்ளியைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடராக்கிய சட்டம்பற்றி அவர் எழுதிய கட்டுரைகளே அவரைப் பொருளாதாரக் கேள்விகளை நோக்கித் திருப்பின. அவர் மறைவுக்குப்பின் 1894 இல் ஏங்கெல்சு பதிப்பித்த மூலதனத்தின் மூன்றாந் தொகுதியில், நாற்பத்தாறாம் அத்தியாயம் வீட்டுமனை வாரத்தையும் சுரங்க வாரத்தையும் ஒருசேர ஆராய்கிறது. வீட்டுமனையையும் சுரங்கத்தையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தது தற்செயலன்று. பூமியின் ஒரு துண்டைத் தன்வசம் வைத்திருப்பவன், உழைப்பால் தான் படைக்காத ஒன்றுக்காக மற்றவரிடம் விலை கேட்கிறான் என்பதே இரண்டிற்கும் பொதுவானது. அதே காலத்து இங்கிலாந்தில், 1843 இல், அக்ரன் எதிர் புளண்டெல் என்னும் வழக்கில், பருத்தி ஆலைக்காரர் ஒருவரின் கிணற்றை அயலிலே தோண்டிய நிலக்கரிச் சுரங்கம் வற்றச் செய்தது. தன் நிலத்தின் அடியிலே கண்காணாது ஓடும் நீரை எவரும் எவ்வளவும் எடுக்கலாம், அதனால் அயலான் கிணறு வற்றினால் பரிகாரமில்லை என நீதிமன்றம் தீர்த்தது. முதலாளியோடு முதலாளி மோதிய வழக்கு இது. எனினும் அதன் நீதி குடிசைக் கிணறுகளுக்கும் பொருந்துவதாயிற்று. ஆழமாகத் தோண்டப் பணமுள்ளவனே நீரின் உரிமையாளன் என்பது அதன் நடைமுறைப் பொருள்.

திருகோணமலை நகரிலும் அதன் வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளிலும் இந்நீதி எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிய, மணலடி நீரின் தன்மையை அறிந்திருத்தல் அவசியம். கடற்கரை மணலிலே பெய்யும் மழை கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கூறும் விதி. மாறாக, மேல்மட்டம் ஓரடி தாழ இறைத்தால் அடியிலிருந்து நாற்பதடி உவர் மேலேறத் தொடங்கும். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதக் கையின் வலுவே நீரெடுப்பிற்கு எல்லையாயிருந்தது. மின்னியந்திரம் வந்தபின் விடுதியொன்றின் ஓர் இரவு இறைப்பு ஓர் ஒழுங்கை முழுவதன் கிணறுகளையும் உவர்க்கச் செய்ய வல்லது. 2004 திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளை உப்பாக்கியபோது, உதவ வந்தோர் இயந்திரங்களால் அவற்றை வற்ற இறைத்துத் துப்புரவாக்க முயன்றனர். அடியிலிருந்து மேலும் உவர் ஏறியதைக் கண்டபின்னரே அளவுக்கு மீறி இறைக்கவேண்டாம் என்ற அறிவுரை வந்தது. ஊர்க் கிழவர்கள் மழைக்காக விட்டுவிடும்படி முதலிலேயே கூறியிருப்பர்; அவர்களைக் கேட்டவர் சிலரே. நிலத்தடி நீர் உறுதியின் நான்கெல்லைகளை அறியாதது. ஒவ்வொரு வளவும் தனித்தனிக் கிணறு வைத்திருப்பதாகக் காகிதம் கூறுகிறது. மணலோ அவையனைத்தும் ஒரே கிணறு என்கிறது.

கிணற்றைப் பற்றிப் பேசுகையில் சாதியைப் பேசாதிருத்தல் நேர்மையாகாது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் பொது இடங்களில் விதிக்கப்பட்ட தடைகளைக் குற்றமாக்கிற்று. இடதுசாரிகளும் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் நிகழ்த்திய போராட்டங்களின் பின்னணியில் அதனை நோக்க வேண்டும். ஆனால் தனியார் வளவுக் கிணற்றின் முன்னால் சட்டம் கைகட்டி நின்றது. சாதித் தடை என்று சொல்ல வேண்டியதில்லை. என் கிணறு, என் வளவு என்றாற் போதும். தனியுடைமை என்னும் நவீன முதலாளித்துவக் கோட்பாடு, நிலமானியத் தீண்டாமைக்கு இவ்வளவு எளிதாகக் குடை பிடிக்கக்கூடும் என்பதை ஐரோப்பியப் பாடநூல்கள் நமக்குக் கற்பிக்கவில்லை. யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட, பல்வேறு ஊர்களிலிருந்து வந்தோர் தொழில் தேடிக் கூடிய துறைமுக நகரில் இக்கொடுமையின் கூர்மை குறைவு என்பர். குறைவுதான், இல்லை என்பதற்கில்லை.

இனிக் கருமணலுக்கு வருவோம். நகருக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலுள்ள புல்மோட்டைக் கரையிலே ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளத்திற்குக் கருமணல் படிந்து கிடக்கிறது. இல்மனைற்றே அதிற் பெரும்பங்கு. றூட்டைலும் சேர்க்கோனும் உடன் உள்ளன. வெண்ணிறப் பூச்சு மைக்கும் தைத்தேனிய உலோகத்திற்கும் மூலப்பொருள் இக்கரிய மணல் என்பது இயற்கையின் குறும்பு. உள்நாட்டுப் பாறைகள் யுகயுகமாகச் சிதைந்து ஆறுகள்வழி கடலை அடைய, வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் பாரமான மணிகளைக் கரையிற் தெரிந்து குவிக்கின்றன. அள்ளிய இடத்தில் அடுத்த மாரிக்கு மீண்டும் மணல் சேர்வதால் இதனைச் சுரங்கம் என்பதைவிட விளைச்சல் என்பதே தகும். அதே கரையில் கரைவலை இழுப்போரின் பாடுகளும் உள்ளன. அவர்களும் கடல் தருவதை விளைச்சலாகவே கருதுவோர். இரு விளைச்சல்களுக்கும் இடையே சட்டம் கண்ட வேறுபாடு, ஒன்று ஏற்றுமதியாகும் என்பதே.

1903 முதல் இலங்கைக் கனிப்பொருள் அளவையை நடத்திய ஆனந்த குமாரசுவாமியின் பெயரை இங்கு குறிப்பிடல் வேண்டும். நடராச தத்துவம் எழுதியவராகவே நாம் அவரை அறிவோம். 1904 இல் தோரியனைற்று என்னும் கனியம் உலகறிய வெளிவந்ததில் அவருக்குள்ள பங்கை நம் தமிழ்ப் பாடத்திட்டங்கள் மறந்துவிட்டன. குடியேற்ற அரசின் கனியக் கணக்கெடுப்பும் கைவினைஞரின் அழிவுகண்ட அவரது துயரமும் ஒரே மனிதரிடம், ஒரே ஆண்டுகளில் உருவாயின. இது தனியான ஆய்வுக்குரியது.

1957 திருகோணமலை வரலாற்றில் இரட்டை முக்கியத்துவம் உடைய ஆண்டு. அவ்வாண்டு ஒக்ரோபர் 15 ஆம் நாள் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டின் அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனங்கள் சட்டத்தின்கீழ் இலங்கைக் கனியமணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அக்காலத்து முற்போக்காளர் இரண்டையும் வரவேற்றனர். வரவேற்றது தவறென்று நாம் கூறமாட்டோம். துறைமுகம் ஏகாதிபத்தியத்தின் கையிலிருந்தும் கனியம் அந்நியக் கம்பனிகளின் பிடிக்கு வெளியிலும் வந்தமை உண்மையான முன்னேற்றமே. 1973 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டமும் இப்போக்கைச் சட்டவடிவில் நிறைவேற்றின. 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலம் எவருக்குச் சொந்தமாயிருப்பினும் அதிலுள்ள கனிப்பொருள்கள் குடியரசுக்குரியன. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் உரிமப்பத்திரமின்றி அவற்றை அகழ்ந்து விற்க முடியாது. உரோம ஒல்லாந்தச் சட்டம் வீட்டுக்காரருக்கு அளித்த ஆழம், இவ்வாறு அவர் அறியாமலே அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. அவருடைய உறுதியில் ஓரெழுத்தும் மாறவில்லை.

மார்க்சியர் என்ற வகையில் நாம் இங்கு நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. நிலத்தடிச் செல்வம் தனியாளுக்கன்றி மக்களுக்குரியது என்பது நமது கோரிக்கை. ஆனால் குடியரசுக்குரியது என்பதும் மக்களுக்குரியது என்பதும் ஒன்றா? அரசு எவ்வர்க்கத்தின் கருவி என்ற கேள்வியைக் கேட்காமல் அரசுடைமையைப் பொதுவுடைமையாகக் கொண்டாடியமை எமது இயக்கத்தின் குறைபாடு. திருகோணமலையில் அக்கேள்வியோடு தேசிய இனப் பிரச்சினையும் பிரிக்கமுடியாதவாறு பின்னிக்கிடந்தது. முடிக்குரிய நிலம் அரசுக்குரிய நிலமாகிய பின், கந்தளாய், அல்லை போன்ற நீர்ப்பாசனத் திட்டங்களின்கீழ் அந்நிலத்தில் யாரைக் குடியேற்றுவது என்பதைக் கொழும்பே தீர்மானித்தது. 1881 இற் சுமார் 4 வீதமாயிருந்த சிங்களக் குடித்தொகை 1981 இல் ஏறத்தாழ மூன்றிலொன்றாயிற்று. குடியேற்றப்பட்டோரும் நிலமற்ற ஏழை விவசாயிகளே என்பதை நாம் மறக்கவில்லை. 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் கந்தளாய் அணை உடைந்தபோது வெள்ளம் இனம் பார்த்துப் பாயவில்லை. ஆனால் நீரையும் நிலத்தையும் பகிரும் அதிகாரம் ஒரு பக்கத்திற் குவிந்திருந்தமையை அவர்களின் வறுமை மறைத்துவிடாது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தமும் கனிப்பொருள்களை மத்திக்கு ஒதுக்கப்பட்ட நிரலிலேயே வைத்தது. புல்மோட்டை மணலின் வருவாய் எங்கு செல்கிறது என்பதை மாகாணம் கேட்கலாம், தீர்மானிக்க முடியாது. 1997 செப்ரெம்பரில், மணல் ஏற்ற வந்து நின்ற கோர்டியாலிற்றி என்னும் கப்பலை விடுதலைப் புலிகள் தாக்கினர். பலியானோருட் சீனக் கப்பலோட்டிகளும் இருந்தனர். இம்மண்ணின் உரிமைத் தகராற்றில் எவ்விதப் பங்குமில்லாத தொழிலாளர் அவர்கள்.

அயல்நாட்டோடு ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகும். 2013 இல் இந்திய உச்சநீதிமன்றம், மலபாரைச் சேர்ந்த காணியுடையோர் தொடுத்த வழக்கில், சட்டம் வெளிப்படையாகப் பறித்தாலன்றி அடிமண்ணின் கனியங்கள் நிலவுடைமையாளருக்கே உரியன எனத் தீர்த்தது. பாக்குநீரிணையின் அப்பால் வீட்டுக்காரர் ஆழத்தின் உரிமையாளர், இப்பால் அல்லர். அத்தீர்ப்பைத் தனியாளின் வெற்றி எனக் கொண்டாடுவோர் உளர். நிலமற்றவர்க்கு அதனால் யாது பயன் என்று கேட்பது நம் கடமை. மாறாக, 2000 ஆம் ஆண்டில் எப்பாவல பொசுபேற்று வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் வேறொரு திசையிற் சென்றது. அந்நியக் கம்பனிக்குக் கனியத்தைக் கையளிக்கவிருந்த ஒப்பந்தத்தை எதிர்த்து அவ்வூர்க் குடியிருப்பாளர்கள் வழக்காடினர். இயற்கை வளங்கள் அரசிடம் மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் உள்ளன என அத்தீர்ப்பு கூறிற்று. உடைமை என்ற சொல்லைப் பொறுப்பு என்ற சொல்லால் எதிர்கொண்ட இத்தீர்ப்பு முதலாளித்துவச் சட்டத்தின் எல்லைக்குட்பட்டதே. ஆயினும் அவ்வெல்லையின் விளிம்புவரை சென்றது.

நீரைப் பொறுத்தவரை சட்டம் வேறு வழியிற் சென்றது. 1947 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் பொது ஆறுகளினதும் ஏரிகளினதும் நீரை அரசின் கட்டுப்பாட்டில் வைத்தது. வளவுக் கிணற்றைத் தொடவில்லை. 1964 இல் நீர்வளச் சபையும் 1974 ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நீர்வழங்கல், வடிகாலமைப்புச் சபையும் ஏற்படுத்தப்பட்டன. 2000 ஆம் ஆண்டளவில், நீர் முழுவதையும் அரசின்வசமாக்கி, உரிமப்பத்திரங்கள் மூலம் பங்கிடும் கொள்கை வரைவொன்று சர்வதேச நிதி நிறுவனங்களின் ஆதரவுடன் முன்வைக்கப்பட்டது. விவசாய அமைப்புகள் இதனை நீரை விற்கும் முயற்சி எனக் கண்டு எதிர்த்தன. வரைவு கைவிடப்பட்டது. 2003 இல் நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலமும் மாகாண சபைகளின் கருத்தறியாது நிறைவேற்ற முடியாதென உயர் நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. அரசுடைமை என்ற சொல் 1957 இல் தேசியமயத்தின் கொடியாகவும் 2000 இல் தனியார்மயத்தின் வாயிலாகவும் தோன்றியதை ஊன்றி நோக்க வேண்டும். சொல் ஒன்றே, அதன் பின்னால் நின்ற வர்க்க நலன் மாறிவிட்டது.

2019 இல், சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் கிணறுகளை மாசாக்கியமை தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் அக்கம்பனியை 2 கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. கிணற்றுக்காரரின் உரிமை அளவைப் பற்றியதன்று, தூய்மையைப் பற்றியதுமாகும் என்பது இதனால் நிலைபெற்றது. திருகோணமலைக்கு இத்தீர்ப்பு அயலூர்ச் செய்தியன்று. உலகப்போருக்கு முன் பிரித்தானியர் சீனன்குடாவிற் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 2003 இலும் 2022 இலும் அவை பற்றிச் செய்யப்பட்ட உடன்படிக்கைகளின் அரசியல் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அவற்றின் அடியிலுள்ள நீரைப் பற்றி எழுதியவர் அரியர்.

இவையெல்லாம் உறுதி வைத்திருப்போரின் வரலாறு. உறுதியே இல்லாதோர் துறைமுகத்தைச் சூழப் பெருந்தொகையினர் உளர். 1980களில் துறைமுக அதிகார சபைக்கெனப் பரந்த நிலப்பரப்பு ஒதுக்கப்பட்டபோது, அதனுள் ஏற்கனவே குடியிருந்தோரும் அகப்பட்டனர். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப்பத்திரத்தோடு வாழ்வோர் வேறு. அவர்களுக்குக் கனியவுரிமை பற்றிய பேச்சே நகைப்புக்கிடமானது. கிணறு தோண்டினால் அது குடியிருப்பின் சான்றாகும் என்ற நம்பிக்கையிலேயே பலர் கிணறு தோண்டுகின்றனர். சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, உயர் பாதுகாப்பு வலயத்தாலும் பின்னர் கைத்தொழில் வலயத்தாலும் தடுக்கப்பட்டு, 2015 இன் பின் திரும்பத் தொடங்கினர். மீள்குடியேறுவோர் முதலிற் தேடுவது கிணற்றுக் கட்டையே. வீடு இடிந்தாலும் வேலி மறைந்தாலும் எல்லையைக் காட்டுவது அதுதான்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இவ்வரிசையில் வருவன. ஈமக்கடன் செய்யவந்த மக்களின் வழக்காற்றுரிமைக்கு உறுதி கிடையாது. தொல்பொருட் சின்னம் என்ற பெயரில் அவ்விடம் நிருவாகத்தின் கைக்குச் சென்றபோது இது தெளிவாயிற்று. 2019 சூலையில் பிள்ளையார் கோயில் அத்திவாரம் தொடர்பாக எழுந்த எதிர்ப்பும், அதனையொட்டித் திருகோணமலை மேல் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்காலத் தடையுத்தரவும் பலரும் அறிந்தவை. மதப்பூசலாக மட்டும் அதனை வாசித்தோர், வழிபாட்டுக்கு அப்பால் அங்கு பேசப்பட்டது நீரில் இறங்கும் உரிமை என்பதைக் கவனிக்கவில்லை.

மீண்டும் நமது வளவுக்கு வருவோம். அதன் இன்றைய உரிமையாளர் நான்கெல்லைக்குள் வீடு கட்டலாம், தென்னை நடலாம், விற்கலாம், சீதனம் கொடுக்கலாம். அடியிலே கனியம் உண்டாயின் அது குடியரசினது. கந்தளாய்க் குளத்திலிருந்து குழாய்வழி வரும் நீருக்கு மாதந்தோறும் மானிப்படி கட்டணம் செலுத்துகிறார். கிணற்று நீர் அவருடையது, அயலவர் அதிகம் இறைக்காதவரை. நகரின் ஒழுங்கைகளில் ஒரு காட்சியைக் காணலாம். சகோதரர் இருவரிடையே வளவு பிரிக்கப்பட்டபோது எல்லை கிணற்றின் நடுவே சென்றிருக்கும். பின்னர் சீமெந்து மதில் எழும்பும்போது கிணற்று வாயின் குறுக்கே அது கட்டப்படும். இருபுறமும் அரைவட்டமாக ஒவ்வொரு கப்பி. இருபுறமும் தனித்தனி வாளி. மதில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. ஒரு பக்கத்தார் அள்ளும்போது மறுபக்கத்து நீர் அசைகிறது.